சங்கர் சேர்த்த பொம்மைகள்

நவராத்திரி முடிந்து கொலுப் பொம்மைகளைத் துணி சுற்றிப் பெட்டியில் வைக்கும்போது, வருஷம் ஒரு மூக்கோ விரலோ உடைகிறது. எனக்கு உடனே ‘சங்கர்ஸ் வீக்லி’ கார்ட்டூனிஸ்ட் சங்கர் நினைவு வரும்.

1950-களின் தொடக்கத்தில், அவர் நடத்திய குழந்தைகள் போட்டிக்குப் பரிசாக ஹங்கேரி நாட்டுத் தூதர் ஒரு பொம்மை கொடுத்தார். சங்கருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. பிறகு நேருவின் வெளிநாட்டுப் பயணங்களில் பத்திரிகையாளராகக் கூடப் போகும்போதெல்லாம் பொம்மை சேர்த்தார். ஊர் ஊராகக் கண்காட்சி வைத்தார். கட்டி அவிழ்ப்பதில் பல சேதமாயின. நிரந்தர இடம் வேண்டும் என்ற எண்ணம் அதில் பிறந்ததுதான். 1965 நவம்பர் 30 அன்று, தில்லி நேரு ஹவுஸில் டாக்டர் ராதாகிருஷ்ணன் பொம்மை அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார்.

அதனுடன் ஒரு பட்டறையும் உண்டு. நமது பல பிரதேச மணமக்கள், நடனக்காரர்கள் என்று உடை, நகை, நிற்கும் பாவனை வரை ஆராய்ந்து செய்தார்கள். இவற்றை அனுப்பி வெளிநாட்டுப் பொம்மைகளைப் பெற்றார்கள். 1980-ல் போலந்தின் கிராகோவ் நகரில் ‘தங்க மயிலிறகு’ முதல் பரிசும் கிடைத்தது.

தில்லியில் உத்தியோகம் பார்த்த நாளில் அங்கே போவேன். பௌதிகம் படித்தவன் அல்லவா, நடனப் பொம்மை சாயாமல் நிற்பது எப்படி என்று கண்ணாடி முன் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். “குழந்தைகள் பார்க்கணும், நகருங்கோ” என்பாள் என் மனைவி.