காடிஸில் பிறந்த கட்சிப்பெயர்

‘லிபரல்’ என்பது அரசியல் அணியொன்றின் பெயரானது லண்டனிலோ பாரிஸிலோ அல்ல. ஸ்பெயினின் தென்மேற்குத் துறைமுகமான காடிஸில். 1810இல் நெப்போலியனின் படை அந்நகரைத் தரைவழியே வளைத்திருந்தது. மன்னர் ஏழாம் பெர்டினாண்ட் பிரான்சில் காவலில் இருந்தார். முற்றுகைக்கு நடுவே கூடிய ‘கோர்த்தெஸ்’ என்ற நாடாளுமன்றத்தில் பத்திரிகைச் சுதந்திரமும் மன்னரைக் கட்டுப்படுத்தும் சாசனமும் கேட்டவர்கள் லிபரல்கள் ஆனார்கள். அதுவரை ஸ்பானிய மொழியில் அச்சொல் கொடைமனம் உள்ளவரைக் குறித்தது. அதன் வேர், அடிமையல்லாத மனிதனைக் குறிக்கும் லத்தீன் ‘லிபெர்’. எதிரணியை ‘செர்வில்’, அதாவது அடிவருடி என்றார்கள். அதையே ‘செர் வில்’ என்று பிரித்தால் ‘இழிந்தவனாக இருப்பது’ என்று பொருள்படும்.

1812 மார்ச் 19இல் அரசியல் சாசனம் பிரகடனமானது. அதன் 12ஆம் பிரிவு இன்றைய வாசகரைத் திடுக்கிட வைக்கும்: கத்தோலிக்கமே நாட்டின் மதம், வேறு வழிபாட்டுக்கு இடமில்லை. மதச் சுதந்திரம் இல்லாத லிபரலா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அதே மன்றம்தான் 1813இல் ‘இன்குவிசிஷன்’ என்ற மத விசாரணை மன்றத்தையும் ஒழித்தது. மறு ஆண்டு நாடு திரும்பிய மன்னர் சாசனத்தை ரத்து செய்து, லிபரல்களைச் சிறையில் தள்ளினார். லிபரல் என்றால் இன்னின்ன கொள்கை என்று பட்டியல் போட்டுத் தேடுவது வீண் என்பது என் உறுதியான எண்ணம். அந்தந்த நாட்டில் யாருடைய பிடி இறுகியிருந்தது என்று பார்த்தால்தான் சொல் பிடிபடும்.

‘கன்சர்வேட்டிவ்’ அதற்குப் பின் வந்தது. புரட்சியில் வீழ்ந்து மீண்ட முடியாட்சியையும் திருச்சபையையும் காக்க, 1818இல் பாரிஸில் எழுத்தாளர் ஷத்தோபிரியான் நடத்திய இதழின் பெயரே ‘காப்பவர்’ என்ற பொருளுடைய ‘கன்சர்வத்தேர்’. 1830களில் பிரிட்டனின் டோரி கட்சியினர் இப்பெயருக்கு மாறினார்கள்.

அமெரிக்காவில் மன்னரும் இல்லை, அரசு மதமும் இல்லை. 1930களில் அங்கே குடிமக்களை நசுக்கியது வேலையின்மை. அரசே தலையிட்டு வேலையும் ஓய்வூதியமும் தர வேண்டும் என்ற அதிபர் ரூஸ்வெல்ட், தம் வழியை லிபரல் என்றார். அரசின் கையைக் கட்டுவதே அசல் லிபரலிசம் என்று அவரிடம் தேர்தலில் தோற்ற முன்னாள் அதிபர் ஹூவர் வாதாடிப் பார்த்தார். சொல் ரூஸ்வெல்ட் பக்கமே போய்விட்டது. ஆஸ்திரேலியாவிலோ ஹூவர் சொன்ன பொருள் பிழைத்தது. லேபர் கட்சிக்கு எதிராக 1944இல் அரசியல்வாதி மென்சீஸ் உருவாக்கிய லிபரல் கட்சி இன்றும் அந்நாட்டின் வலதுசாரிக் கட்சி. அமெரிக்கச் செய்தியையும் ஆஸ்திரேலியச் செய்தியையும் ஒரே பக்கத்தில் அச்சிடும் நம் நாளிதழ்கள் இரண்டிலும் ‘தாராளவாதிகள்’ என்று போடும்போது வாசகர் பாடு திண்டாட்டம்.

1980களின் இறுதியில் இந்தச் சொற்குழப்பம் உச்சத்துக்குப் போனது. தனியார் சந்தையை வளர்க்க நினைத்த அதிபர் ரீகன் வாஷிங்டனில் கன்சர்வேட்டிவ். அதே சந்தை உள்ளே வராமல் தடுத்து, கம்யூனிஸ்ட் கட்சியின் அதிகாரத்தைக் காக்க நின்ற அக்கட்சித் தலைவர்களில் ஒருவரான லிகாச்சோவ் மாஸ்கோவில் கன்சர்வேட்டிவ்.