கே. விஜயகுமார், ஐ.பி.எஸ்.

கே. விஜயகுமார் (பிறப்பு: 1952) தமிழ்நாடு பிரிவைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற இந்தியக் காவல் பணி அதிகாரி. 2004-இல் சந்தனக் கடத்தல்காரர் வீரப்பனை வீழ்த்திய அதிரடிப்படையின் தலைவர் என்று தமிழ்நாட்டு மக்கள் அவரை அறிவார்கள். நாட்டின் மிகப் பெரிய மத்திய ஆயுதக் காவல் படையான மத்திய ரிசர்வ் போலீஸ் படைக்கு (சி.ஆர்.பி.எஃப்.) 2010 முதல் 2012 வரை அவர் தலைமை இயக்குநராக இருந்தார். இரண்டு பொறுப்புகளிலும் காட்டை அரணாகக் கொண்டவர்களையே அவர் எதிர்கொண்டார். ஆனால் முதலாவதில் பலித்த வழி இரண்டாவதில் அதே அளவு பலிக்கவில்லை. அவருடைய பணி வாழ்க்கையில் ஆராயத் தக்க பகுதி இதுதான்.

இந்தியாவில் நாடு முழுவதற்கும் ஒரே காவல் தலைவர் என்று எவரும் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணைப்படி காவலும் பொது ஒழுங்கும் மாநிலப் பட்டியலில் உள்ளன. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி டி.ஜி.பி. உண்டு. எல்லைப் பாதுகாப்புப் படை, சி.ஆர்.பி.எஃப். போன்ற படைகள் மத்திய உள்துறையின் கீழ் இயங்குகின்றன. ஐ.பி.எஸ். அதிகாரி ஒரு மாநிலத்துக்கு ஒதுக்கப்பட்டாலும் அயற்பணியில் இப்படைகளுக்கும் போய்வருகிறார். விஜயகுமாரின் நாற்பதாண்டுக் கால வாழ்க்கையும் சென்னைக்கும் டெல்லிக்கும் இடையே இப்படித்தான் மாறி மாறி நகர்ந்தது.

காவல் அதிகாரி ஒருவரின் மகனான அவர் திருச்சி புனித வளனார் கல்லூரியிலும் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் படித்து, 1975-இல் ஐ.பி.எஸ். பணியில் சேர்ந்தார். பட்டுக்கோட்டை, திருச்சி, செம்பியம் ஆகிய இடங்களில் உதவிக் கண்காணிப்பாளராகப் பணியாற்றிய பின், 1980-களின் முற்பகுதியில் தருமபுரி, சேலம் மாவட்டங்களின் காவல் கண்காணிப்பாளரானார். இருபதாண்டுகள் கழித்து அவருக்குப் பெயர் தேடித் தந்த இரவும் அதே தருமபுரி மாவட்டத்தில்தான் வந்தது.

1984-இல் இந்திரா காந்தி தம் மெய்க்காவலர்களாலேயே கொல்லப்பட்டார். அதையடுத்துப் பிரதமரின் பாதுகாப்புக்கென 1985-இல் சிறப்புப் பாதுகாப்புக் குழு (எஸ்.பி.ஜி.) உருவாக்கப்பட்டபோது, அதில் தொடக்கக் காலத்திலேயே சேர்ந்தவர்களில் விஜயகுமாரும் ஒருவர். ராஜீவ் காந்தி பிரதமராக இருந்த ஆண்டுகளில் அந்தக் குழுவில் பணியாற்றினார். தமிழ்நாடு திரும்பியதும் அந்த அனுபவம் முதலமைச்சர் ஜெயலலிதாவின் பாதுகாப்புக் குழுவை அமைக்கப் பயன்பட்டது. 1998 முதல் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் எல்லைப் பாதுகாப்புப் படையின் ஐ.ஜி.யாக இருந்தார்; கார்கில் போர் நடந்த 1999-உம் அந்தக் காலத்துக்குள் அடங்கும். அங்கிருந்து வந்து சென்னை மாநகரக் காவல் ஆணையரானார்.

வீரப்பன் விவகாரம் அவர் கைக்கு வந்தபோது அது முற்றிப்போயிருந்தது. கோபிநத்தத்தில் 1952-இல் பிறந்த வீரப்பன் யானைத் தந்தத்திலும் சந்தன மரத்திலும் தொடங்கி, ஆள் கடத்தலுக்கும் கொலைக்கும் போனார். நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றதாக அவர்மீது குற்றச்சாட்டு இருந்தது. 1991-இல் கர்நாடக வனத்துறை அதிகாரி பி. சீனிவாஸ் கொல்லப்பட்டார். 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு அருகே நடந்த கண்ணிவெடித் தாக்குதலில் காவலர்கள், வனத்துறையினர், துப்புச் சொன்னவர்கள் என 22 பேர் இறந்தனர். தமிழ்நாடும் கர்நாடகமும் அதிரடிப்படைகளைக் களமிறக்கின. தமிழ்நாட்டுப் படைக்குத் தலைமை ஏற்றவர்களில் வால்டர் தேவாரம் பெயர் பெற்றவர். ஆண்டுகள் ஓடின, கூட்டாளிகள் பலர் பிடிபட்டனர் அல்லது இறந்தனர், தலைவர் மட்டும் அகப்படவில்லை. 2000 ஜூலை 30 அன்று கன்னட நடிகர் ராஜ்குமார் காஜனூரில் கடத்தப்பட்டு 108 நாள் காட்டில் வைக்கப்பட்டார். 2002-இல் கடத்தப்பட்ட கர்நாடக முன்னாள் அமைச்சர் எச். நாகப்பா பிணமாகவே கிடைத்தார்.

இந்த வேட்டையில் மலைக் கிராம மக்கள் பட்ட பாட்டையும் சொல்லாமல் விட முடியாது. இரு மாநில அதிரடிப்படையினரும் சட்டத்துக்குப் புறம்பாகச் சிறைவைத்தார்கள், சித்திரவதை செய்தார்கள் என்ற புகார்களை விசாரிக்க தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. 2007-இல் 89 பேருக்கு மொத்தம் 2.80 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையம் பரிந்துரைத்தது. அந்தப் புகார்கள் பெரும்பாலும் 1990-களைச் சேர்ந்தவை, விஜயகுமார் பொறுப்புக்கு வருவதற்கு முந்தியவை. ஆயினும் அவர் ஏற்றுக்கொண்ட படைக்கு அந்தப் பழைய கணக்கும் சேர்ந்தே வந்தது. காவலரைக் கண்டால் வாய் மூடிக்கொள்ளும் ஊர்களில் இருந்துதான் அவர் துப்பு எடுக்க வேண்டியிருந்தது.

2003-இன் பிற்பகுதியில் அதிரடிப்படைத் தலைமையை ஏற்றதும் அவர் காட்டைச் சல்லடை போட்டுத் தேடும் முறையைக் குறைத்து, உளவுக்கு முதலிடம் கொடுத்தார். பெரும்படை நுழைந்தால் அதன் காலடிச் சத்தம் வீரப்பனுக்கு முன்கூட்டியே எட்டிவிடும். ஆகவே அவரைத் தேடிப் போவதை விட, அவரே வெளியே வரும்படி செய்வது என்று முடிவாயிற்று. காவல் கண்காணிப்பாளர் செந்தாமரைக்கண்ணன் உளவுப் பணியின் முதுகெலும்பாக இருந்தார். வயது ஐம்பதைத் தாண்டிய வீரப்பனுக்குக் கண்பார்வை மங்கி வந்தது. கும்பலும் நாலைந்து பேராகச் சுருங்கியிருந்தது. கண் சிகிச்சைக்குக் காட்டை விட்டு வருவதற்கு அவரை இணங்க வைத்ததில்தான் இந்த நடவடிக்கையின் வெற்றி இருந்தது. அதற்குத் துப்பாக்கி தேவைப்படவில்லை. நம்பத் தக்க ஆட்களும் பொறுமையும் தேவைப்பட்டன.

2004 அக்டோபர் 18 இரவு, தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே பாடி என்னும் சிற்றூரை நோக்கி ஓர் ஆம்புலன்ஸ் வந்தது. சேலத்து மருத்துவமனை ஒன்றின் பெயர் தாங்கிய அந்த வண்டியை ஓட்டியவர் மாறுவேடத்தில் இருந்த காவலர். அடர்ந்த மீசையால் நாடறிந்த வீரப்பன் அன்று அதைக் கத்தரித்துவிட்டு அந்த வண்டிக்குள் இருந்தார். சாலையை மறித்து நின்ற வாகனத்தின் அருகே ஆம்புலன்ஸ் நின்றதும் ஓட்டுநர் இறங்கி ஓடிவிட்டார். சரணடையச் சொல்லி எச்சரித்ததாகவும், உள்ளிருந்து சுட்டதால் திருப்பிச் சுட்டதாகவும் அதிரடிப்படை அறிவித்தது. வீரப்பனோடு சேத்துக்குளி கோவிந்தன், சந்திரே கவுடா, சேதுமணி ஆகிய மூவரும் இறந்தனர். வீரப்பன் பிடிபட்டிருந்தும் கொல்லப்பட்டாரோ என்று மனித உரிமை அமைப்பினர் ஐயம் எழுப்பினர். காவல்துறை அதை மறுத்தது. வீரப்பனின் உடல் மேட்டூர் அருகே மூலக்காட்டில் அடக்கம் செய்யப்பட்டது. பண்ணாரி அம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டிருந்த விஜயகுமார் அங்கு சென்று முடி காணிக்கை செலுத்தினார். இந்த நடவடிக்கைக்கு அதிரடிப்படை வைத்திருந்த பெயர் ‘ஆபரேஷன் கக்கூன்’. பட்டுப்புழு தன்னைச் சுற்றித் தானே பின்னிக்கொள்ளும் கூடு என்பது பொருள்.

2008-இன் இறுதியில் அவர் ஹைதராபாத்திலுள்ள சர்தார் வல்லபாய் படேல் தேசியக் காவல் அகாதெமியின் இயக்குநரானார். நாட்டின் எல்லா ஐ.பி.எஸ். அதிகாரிகளும் பயிற்சி பெறும் இடம் அது.

அங்கிருந்து அவரை அழைத்தது ஒரு பேரிழப்பு. 2010 ஏப்ரல் 6 அன்று சத்தீஸ்கரின் தாந்தேவாடா மாவட்டத்தில், தாட்மெட்லா அருகே மாவோயிஸ்டுகள் பதுங்கித் தாக்கியதில் 76 பேர் இறந்தனர். அவர்களில் 75 பேர் சி.ஆர்.பி.எஃப். வீரர்கள். முன்னாள் எல்லைப் பாதுகாப்புப் படைத் தலைவர் இ.என். ராம்மோகன் நடத்திய விசாரணை, நடைமுறை விதிகள் மீறப்பட்டதையும் தலைமையின் குறைகளையும் சுட்டிக்காட்டியது. அதே ஆண்டு அக்டோபரில் விஜயகுமார் தலைமை இயக்குநரானார். 1939-இல் நீமச்சில் மன்னர் பிரதிநிதியின் காவல் படையாகத் தொடங்கி, 1949-இல் இன்றைய பெயரைப் பெற்ற படை அது. தேர்தல், கலவரம், காஷ்மீர், மாவோயிஸ்ட் பகுதி என்று ஓயாமல் அலைக்கழிக்கப்படும் அதன் வீரர்களின் மனம் தாந்தேவாடாவுக்குப் பிறகு தளர்ந்திருந்தது. புதிய தலைவர் காட்டு முகாம்களுக்கே போய் வீரர்களோடு தங்கினார்.

பலன்கள் இருந்தன. 2011-இல் ஜார்க்கண்டின் சாரண்டா காட்டில் பெரிய நடவடிக்கை நடந்தது. அதே ஆண்டு நவம்பர் 24 அன்று மாவோயிஸ்ட் தலைவர்களில் முதன்மையானவரான கிஷன்ஜி மேற்கு வங்கக் காட்டில் கூட்டுப் படையினரால் கொல்லப்பட்டார். இழப்புகளும் நிற்கவில்லை. 2012 மார்ச் 27 அன்று மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் கண்ணிவெடிக்கு 12 வீரர்கள் பலியானார்கள். அன்று படைத்தலைவரும் அந்த மாவட்டத்துக்கு வந்திருந்தார். அவருடைய காலத்தின் மிகக் கசப்பான நிகழ்வு 2012 ஜூன் 28 இரவு சத்தீஸ்கரின் பீஜாப்பூர் மாவட்டம் சார்க்கேகுடாவில் நடந்தது. பாதுகாப்புப் படையினர் சுட்டதில் 17 பேர் இறந்தனர். மாவோயிஸ்டுகளோடு மோதல் என்று அப்போது சொல்லப்பட்டது. இறந்தவர்கள் மாவோயிஸ்டுகள் என்பதற்குச் சான்று இல்லை என்று நீதிபதி வி.கே. அகர்வால் ஆணையம் பின்னர் முடிவுசெய்தது. அதன் அறிக்கை 2019-இல் வெளிவந்தது.

வீரப்பன் பதுங்கியிருந்த சத்தியமங்கலம் காட்டில் எதிரி ஒரே கும்பல். அதைத் தேடிய காவலர்கள் ஊரின் மொழியைப் பேசினார்கள். யார் யாருக்கு உறவு என்பதும் அவர்களுக்குத் தெரியும். சத்தீஸ்கரின் பஸ்தரில் எதிரி ஓர் அரசியல் இயக்கம். வெளி மாநிலங்களிலிருந்து வந்த வீரருக்குக் கோண்டி மொழி புரியாது. உள்ளூர்த் துப்புக்கு மாநிலக் காவல்துறையையே எதிர்பார்க்க வேண்டும். உளவே உயிர் என்று கண்டவர், அந்த உளவு தம் கட்டுப்பாட்டில் இல்லாத ஒரு படைக்குத் தலைமை தாங்க நேர்ந்தது. கட்சிரோலியையும் சார்க்கேகுடாவையும் ஒரே தலைவரின் திறமைக்குள் அடக்கிப் பார்த்தால் இந்த அமைப்புக் குறை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

2012 செப்டம்பரில் ஓய்வு பெற்ற பின்பும் மத்திய உள்துறை அவரைப் பாதுகாப்பு ஆலோசகராக வைத்துக்கொண்டது. 2017-இல் வீரப்பன் வேட்டை பற்றிய அவருடைய ஆங்கில நூல் வெளிவந்தது. 2018 ஜூனில் ஜம்மு காஷ்மீரில் ஆளுநர் ஆட்சி வந்தபோது ஆளுநரின் ஆலோசகராக நியமிக்கப்பட்டார். 2019 ஆகஸ்ட் 5 அன்று மாநிலத்தின் சிறப்புத் தகுதி நீக்கப்பட்டதும், அக்டோபர் 31 அன்று அது இரண்டு யூனியன் பிரதேசங்களாகப் பிரிந்ததும் அவர் அப்பொறுப்பில் இருந்த காலத்தில்தான். அந்த ஆண்டு டிசம்பரில் மீண்டும் உள்துறையின் மூத்த பாதுகாப்பு ஆலோசகராகி, 2022-இல் அப்பதவியிலிருந்து விலகினார்.