இ-ரிக்‌ஷா: ஒரு வாகனம், மூன்று கணக்குகள்

மின் வாகனங்களின் ஓட்டச் செலவு, சூழல் தாக்கம் ஆகியவை பற்றிய நம் விவாதங்கள் பெரும்பாலும் மகிழுந்தைச் சுற்றியே நிகழ்கின்றன. ஆனால் இந்தியச் சாலைகளில் மின்சார ஊர்தி பெருந்திரளாக வந்து சேர்ந்தது மகிழுந்தின் வடிவில் அன்று. பெங்களூரில் உருவான ரேவா 2001இல் விற்பனைக்கு வந்தது. பத்தாண்டுகள் கடந்தும் அதன் மொத்த விற்பனை சில ஆயிரங்களுக்கு மேல் உயரவில்லை. அதே காலத்தின் இறுதியில், விளம்பரமும் மானியமும் இன்றி, தில்லியின் மெட்ரோ நிலைய வாசல்களில் மூன்று சக்கர பேட்டரி வண்டிகள் வந்து நின்றன. இந்தியாவின் மின் வாகன வரலாற்றை எழுத முற்படுவோர் இந்த வண்டியிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. மலிவு எது, தூய்மை எது என்னும் இரு கேள்விகளுக்கும் இதன் வரலாறு நேர்மையான விடைகளை வைத்திருக்கிறது.

முதலில் பெயரைப் பார்ப்போம். 'ரிக்‌ஷா' என்பது 'ஜின்-ரிகி-ஷா' என்னும் ஜப்பானியத் தொடரின் சுருக்கம். 'ஜின்' மனிதர், 'ரிகி' ஆற்றல், 'ஷா' வண்டி. மனித ஆற்றலால் நகரும் வண்டி என்பது முழுப்பொருள். சொல் ஆங்கிலத்தின் வழியாக இந்திய மொழிகளுக்கு வந்தபோது முதல் உறுப்பு உதிர்ந்தது. மனிதர் போய், ஆற்றலும் வண்டியும் எஞ்சின. சட்டம் இதற்கு 'இ-ரிக்‌ஷா' என்று பெயரிட்டது. தில்லித் தெருக்களில் வழங்கும் பெயரோ 'பேட்டரி ரிக்‌ஷா'. வங்காளத்தில் 'டோட்டோ'. சட்டப் பெயரைவிடத் தில்லியின் தெருப்பெயர் துல்லியமானது. அந்த வண்டியில் செலவு வைப்பது எதுவோ, மாசு சுமப்பது எதுவோ, அதையே அப்பெயர் சுட்டுகிறது.

இவ்வண்டி தில்லியில் வேரூன்றியது தற்செயலன்று. எம்.சி. மேத்தா 1985இல் தொடுத்த பொதுநல வழக்கின் தொடர்ச்சியாக, உச்ச நீதிமன்றம் 1997இல் தில்லியின் ஆட்டோ எண்ணிக்கைக்கு வரம்பு விதித்தது. 1998 ஜூலையில் பேருந்துகளையும் பழைய ஆட்டோக்களையும் சி.என்.ஜி. உள்ளிட்ட தூய எரிபொருளுக்கு மாற்ற ஆணையிட்டது. ஆட்டோ வரம்பு 2011இல் ஒரு லட்சமாக உயர்த்தப்படும் வரை, உரிமம் என்பதே வண்டியைவிட விலை மிகுந்த சொத்தாக இருந்தது. சைக்கிள் ரிக்‌ஷாவுக்கும் மாநகராட்சி 99,000 என்ற வரம்பை வைத்திருந்தது. தில்லி உயர் நீதிமன்றம் 2010 பிப்ரவரியில் அதை நீக்கியது. இடையில், 2002 டிசம்பரில் தொடங்கிய மெட்ரோ, நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையிலான ஓரிரு கிலோமீட்டர்த் தொலைவைப் புதிய தேவையாக உருவாக்கியது. தேவை பெருகியது; அதை நிறைவு செய்யக்கூடிய இரு வண்டிகளும் எண்ணிக்கை வரம்புக்குள் கட்டுண்டு கிடந்தன.

அறிவியலாளர்கள் இத்தேவையை முன்பே உணர்ந்திருந்தனர். மகாராஷ்டிரத்தின் பல்டணில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆய்வு நிறுவனத்தில் அனில் ராஜ்வன்ஷியும் அவர் குழுவினரும் தொண்ணூறுகளிலிருந்தே மின்ரிக்‌ஷா வடிவமைப்பில் ஈடுபட்டிருந்தனர். துர்காபூரின் மத்திய இயந்திரப் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'சோலெக்‌ஷா', 2008 அக்டோபர் 2 அன்று தில்லியில் அறிமுகமானது. அது சூரிய ஆற்றலில் மின்னேற்றிய பேட்டரி, மிதிப்பவருக்குத் துணைநிற்கும் வண்டி. இம்முயற்சிகள் எவையும் தெருவை நிறைக்கவில்லை. நிறைத்தது சீனாவிலிருந்து உதிரிபாகங்களாக வந்து, தில்லியின் சிறு பட்டறைகளில் பூட்டப்பட்ட வண்டி. 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளை ஒட்டிய காலத்தில் அது பரவத் தொடங்கியது.

அதற்குப் பின் நடந்தவற்றை ஒரு வரையறையின் வரலாறு எனலாம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 250 வாட்டுக்குக் குறைந்த ஆற்றலும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் உடைய பேட்டரி வண்டி 'மோட்டார் வாகனம்' ஆகாது. மோட்டார் வாகனம் அல்லாததற்குப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் காப்பீடும் தேவையில்லை. நான்கு பேரை ஏற்றிச் செல்லும் வண்டிகளின் மோட்டார்களோ அந்த 250 வாட் வரம்பை வெகுவாகக் கடந்தவை. 2014 ஜூனில் ராம்லீலா மைதானத்தில் பேசிய மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, 650 வாட் வரையுள்ள வண்டிகள் மோட்டார் வாகனமாகக் கருதப்படமாட்டா என்று அறிவித்தார். அடுத்த மாதமே, ஜூலை 31 அன்று, தில்லி உயர் நீதிமன்றம் இவ்வண்டிகளைத் தடை செய்தது. அக்டோபரில் புதிய விதிகள் வந்தன: நான்கு பயணிகள், 40 கிலோ சுமை, 25 கிலோமீட்டர் வேகம். 2015 ஜனவரியில் அவசரச் சட்டமும், மார்ச்சில் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமும் தொடர்ந்தன. 4,000 வாட்டுக்கு மேற்படாத, மூன்று சக்கரமுடைய, 'சிறப்பு நோக்க' பேட்டரி வண்டி என்று 2ஏ பிரிவு இதை வரையறுத்தது.

இவ்வரையறைகளில் வாட் உண்டு, வேகம் உண்டு, பயணி எண்ணிக்கை உண்டு. பேட்டரி எதனால் ஆனது, எத்தனை மாதம் உழைக்கும், உழைத்து முடிந்தபின் எங்கே போகும் என்பவை மட்டும் இல்லை. செலவும் மாசும் குடியிருக்கும் இடம் வரையறைக்கு வெளியே விடப்பட்டது.

ஓட்டச் செலவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கீழ்வரும் எண்கள் கணக்கின் வடிவத்தைக் காட்டுவதற்காக நான் கொண்ட எடுகோள்கள். உள்ளூர் நிலவரத்துக்கேற்ப வாசகர் மாற்றிக்கொள்ளலாம். நான்கு 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிகள், ஒவ்வொன்றும் 100 ஆம்பியர்-மணி எனில், தேங்கும் ஆற்றல் 4.8 யூனிட். மின்னேற்ற இழப்பையும் சேர்த்தால் சுவரிலிருந்து ஏறத்தாழ 7 யூனிட் இழுக்க வேண்டும். அதில் 80 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். தில்லியில் மின் வாகன மின்னேற்ற நிலையங்களுக்கு 2019-20இல் நிர்ணயிக்கப்பட்ட தாழ்வழுத்தக் கட்டணம் யூனிட்டுக்கு 4.50 ரூபாய். அதன்படி நாளுக்கு 31.50 ரூபாய், கிலோமீட்டருக்கு 39 பைசா. கிலோ 75 ரூபாய் விலையில் 35 கிலோமீட்டர் ஓடும் சி.என்.ஜி. ஆட்டோவுக்கு எரிபொருள் மட்டும் 2.14 ரூபாய். ஐந்து மடங்குக்கும் மேலான வேறுபாடு. மின் வாகனத்தின் மலிவை எடுத்துரைப்போர் வழக்கமாக இவ்விடத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள்.

பேட்டரியைச் சேர்த்தால் படம் மாறுகிறது. ஒரு தொகுதி 25,000 ரூபாய், உழைப்பு 300 நாள் எனில், நாளுக்கு 83 ரூபாய். மின்சாரத்துக்குத் தரும் தொகையைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். இப்போது கிலோமீட்டருக்கு 1.43 ரூபாய். இன்னும் மலிவுதான், ஆனால் ஐந்து மடங்கு ஒன்றரை மடங்காகச் சுருங்கிவிட்டது. இனி மூன்றாவது படி. ஓட்டுநர்களில் பலருக்கு வண்டியை நிறுத்தி மின்னேற்றத் தம் வீட்டில் இடமில்லை. அவர்கள் தனியார் கொட்டகையில் நாள் கட்டணம் கொடுக்கிறார்கள். அக்கட்டணம் 100 ரூபாய் என்று கொண்டால், மொத்தச் செலவு கிலோமீட்டருக்கு 2.29 ரூபாய் ஆகி சி.என்.ஜி.யையும் தாண்டிவிடுகிறது. மலிவு என்பது வாகனத்தின் இயல்பாக மட்டும் அமைவதில்லை; சொந்தமாக ஒரு மின் இணைப்பும் நிறுத்துமிடமும் உடையவருக்கே அது முழுமையாகக் கிட்டுகிறது. சட்டபூர்வமான குறைந்த கட்டணம் ஏட்டில் இருக்க, அதை எட்ட முடியாதவர் கூடுதல் விலை கொடுப்பது நகர்ப்புற வறுமையின் பழைய வரலாறு. குழாய்நீர் கிட்டாதவர் லாரி நீருக்கு அதிகம் கொடுப்பதைப் போன்றது இது.

அடுத்து, காற்றின் கணக்கு. இ-ரிக்‌ஷாவுக்குப் புகைபோக்கி இல்லை. நெரிசலான சந்தைத் தெருவில் மூச்சுவிடுவோருக்கு இது மெய்யான நன்மை. அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. கரியமில வாயுவைப் பொறுத்தவரை நிலைமை சற்றுச் சிக்கலானது. இந்திய மின்தொகுப்பில் சுமார் முக்கால் பங்கு மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருகிறது. மத்திய மின்சார ஆணையத்தின் அண்மை ஆண்டுக் கணக்குகளில் ஒரு யூனிட்டுக்கான உமிழ்வு 0.7 கிலோகிராமைச் சற்றே கடந்து நிற்கிறது. 0.72 என்று கொண்டு, வழியில் 15 விழுக்காடு மின்னிழப்பையும் சேர்த்தால், மேற்கண்ட வண்டியின் உமிழ்வு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 74 கிராம். சி.என்.ஜி. ஆட்டோவுக்கு ஏறத்தாழ 77 கிராம். வண்டிக்கு வண்டி ஒப்பிட்டால் வேறுபாடு அநேகமாக இல்லை. நான்கு பேர் ஏறும் வண்டியையும் மூன்று பேர் ஏறும் வண்டியையும் ஆளுக்கு ஆள் ஒப்பிட்டால் 18.5-க்கு 26 என்று மின்வண்டி முந்துகிறது. அதாவது ஈய பேட்டரியோடு ஓடிய காலத்தில் இவ்வண்டியின் காலநிலை நன்மை பெரிதும் பகிர்ந்து பயணிக்கும் வழக்கத்திலிருந்து வந்தது; மோட்டாரிலிருந்து வந்தது குறைவே. மின்தொகுப்பு தூய்மையாகும் அளவுக்கு இந்த நன்மை வளரும் என்பதும் உண்மை.

மூன்றாவது கணக்கு ஈயத்துக்குரியது. இதற்கு ஒரு நீண்ட முன்கதை உண்டு. ஈய-அமில பேட்டரியை 1859இல் பிரான்சின் காஸ்தோன் பிளான்டே உருவாக்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க மின் மகிழுந்துகள் அதை நம்பி ஓடின. 1912இல் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் துவக்கி, கைச்சுழற்றியின் தொல்லையை நீக்கி, பெட்ரோல் வண்டியை எல்லோருக்கும் ஏற்றதாக்கியது. மின் மகிழுந்து சந்தையிலிருந்து விலக அதுவும் ஒரு காரணம். அதே கெட்டரிங்கின் தலைமையிலான ஆய்வகத்தில்தான் 1921இல் தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலக்கும் முறையைக் கண்டறிந்தார். உலகம் அந்த ஈயத்தை வெளியேற்ற முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இந்தியா 2000 பிப்ரவரி 1 முதல் நாடெங்கும் ஈயம் கலவாத பெட்ரோலுக்கு மாறியது. புகைபோக்கி வழியே விடைபெற்ற ஈயம், பத்தாண்டுக்குள் இருக்கைக்கு அடியில் பேட்டரியாகத் திரும்பி வந்தது.

நான்கு பேட்டரிகளின் எடை 100 கிலோவைத் தாண்டும். அதில் பாதிக்கு மேல் ஈயமும் அதன் சேர்மங்களும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் இத்தொகுதி மாற்றப்படுகிறது. பழைய பேட்டரிக்கு நல்ல விலை உண்டு. ஆகவே அது குப்பையில் சேர்வதில்லை, உருக்கப்படுகிறது. எங்கே, எவரால் என்பதே கேள்வி. முறைப்படி அமைந்த ஆலையில் புகையையும் தூசியையும் பிடித்து வைக்கும் கருவிகள் உண்டு. முறைசாராப் பட்டறையில் உறையைக் கோடரியால் பிளந்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, தகடுகளைத் திறந்த உலையில் உருக்குகிறார்கள். யுனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் 2020இல் வெளியிட்ட அறிக்கை, உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு, ஏறத்தாழ 80 கோடிப் பேருக்கு, இரத்தத்தில் ஈய அளவு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களில் இந்தியக் குழந்தைகள் சுமார் 27.5 கோடி. இதற்கு இ-ரிக்‌ஷா மட்டுமே காரணமன்று. இன்வெர்ட்டர் பேட்டரி, வாகன பேட்டரி, கலப்பட மஞ்சள், பாத்திரங்கள் எனப் பல வழிகள் உண்டு. எனினும் பேட்டரியை இவ்வளவு விரைவாகத் தின்று தீர்க்கும் வாகனம் வேறில்லை.

அரசு இதை அறியாமல் இல்லை. பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் சுமத்திய விதிகள் 2001லேயே வந்துவிட்டன. 2022இல் விரிவான புதிய விதிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. 2019இல் தொடங்கிய ஃபேம் இரண்டாம் கட்டம் ஈய பேட்டரி வண்டிகளை மானியத்திலிருந்து விலக்கியது. தில்லியின் 2020ஆம் ஆண்டுக் கொள்கை இ-ரிக்‌ஷா வாங்குவோருக்கு 30,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. லித்தியம் பேட்டரி எடை குறைந்தது, மின்னேற்ற இழப்பு குறைந்தது, பல ஆண்டு உழைப்பது. தடை அதன் தொடக்க விலை. அன்றாட வருவாயில் வாழ்பவர் பத்து மாதத்துக்கொரு முறை 25,000 ரூபாய் திரட்டுவதே கடினம். அதைப்போல் இருமடங்கை ஒரே தவணையில் திரட்டுவது அதனினும் கடினம். ஆகவே பேட்டரியை வண்டியிலிருந்து பிரித்து, மாற்று நிலையத்தில் வாடகைக்குத் தரும் முறை இங்கே வெறும் தொழில்நுட்பத் தேர்வாக இல்லை. கடன் வசதி இல்லாதவருக்கு அது கடன் வசதியாகவும் அமைகிறது.

இ-ரிக்‌ஷாவை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றுவது வரலாற்றுக்கு நீதியாகாது. இது வருமுன் தில்லியில் அந்த ஓரிரு கிலோமீட்டரை நகர்த்தியது சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டியின் முழங்காலும் நுரையீரலும். அந்த உடல் தேய்மானத்தை எந்தச் சூழல் அறிக்கையும் கணக்கில் கொண்டதில்லை. புகையில்லா வாகனம் என்றே அதைப் புகழ்ந்தோம். பேட்டரி அந்தச் சுமையை இறக்கி வைத்தது மெய். இறக்கிய சுமையின் ஒரு பகுதி உலைப் பட்டறைத் தொழிலாளியின் இரத்தத்திலும் அவர் குழந்தையின் இரத்தத்திலும் ஏறியிருப்பதும் மெய்.

சொல்லிலிருந்து 'ஜின்' உதிர்ந்ததற்கு எவரும் பொறுப்பல்லர். மொழிகளில் அது இயல்பாக நிகழ்வது. கணக்கிலிருந்து மனிதர் உதிர்வது அப்படிப்பட்டதன்று. அங்கே ஒவ்வொரு முறையும் எவரோ ஒரு வரையறையை எழுதுகிறார், ஒரு கோட்டைப் போடுகிறார். மின் மகிழுந்து, மின் பேருந்து என இனி வரும் ஒவ்வொன்றுக்கும் 'கிலோமீட்டருக்கு எவ்வளவு' என்று கேட்கும்போது, அந்தக் கோடு பேட்டரியின் பிறப்பையும் இறப்பையும் உள்ளடக்குகிறதா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பொருளியல், பொதுச் சுகாதாரம், சட்டம் ஆகிய மூன்று துறை மாணவர்களும் ஒன்றாக அமர்ந்து ஆராய வேண்டிய கேள்வி இது. தில்லியில் மட்டுமின்றி, தத்தம் ஊரின் பழைய பேட்டரிகள் எங்கே போகின்றன என்று தேடிப் பார்ப்பதிலிருந்தும் அந்த ஆய்வைத் தொடங்கலாம்.