கழிவுநீர் வயலிலிருந்து மண் கணக்கு வரை: ஜெர்மன் காய்கறி ஆய்வில் தழைச்சத்தின் பாதை

பெர்லினின் தெற்கு எல்லையை ஒட்டியிருக்கும் குரோஸ்பேரன் என்ற ஊர், 1813 ஆகஸ்டு 23இல் நெப்போலியன் படையை அங்கே தடுத்து நிறுத்திய போரால் வரலாற்று நூல்களில் இடம்பெற்றது. காய்கறிப் பயிரை ஆராய்பவருக்கு அவ்வூர் வேறு காரணத்தால் முக்கியம். நகரத்துக் கழிவு வயலுக்கு வந்ததற்கும், அது கைவிடப்பட்டதற்கும், அதே சத்து இன்று வேறு வடிவில் வயலுக்குத் திரும்ப முயல்வதற்கும் அந்த ஊர் சாட்சி. ஜெர்மனியில் நீடித்த காய்கறிச் சாகுபடி என்ற கருத்து வளர்ந்த விதத்தை, தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், என்னும் ஒரே சரடைப் பிடித்துக்கொண்டு பின்தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1840இல் வெளிவந்த தம் வேளாண் வேதியியல் நூலில் யுஸ்டுஸ் லீபிக், பயிர் மண்ணிலிருந்து எடுத்த தாதுக்களை மண்ணுக்கே திருப்பித் தரவேண்டும் என்று நிறுவினார். நகரங்கள் தம் கழிவை ஆற்றில் கொட்டுவது நாட்டின் வளத்தைக் கொட்டுவதற்குச் சமம் என்று பின்னாளில் கடுமையாகவே எழுதினார். ஆனால் தழைச்சத்து விஷயத்தில் அவர் கணிப்பு பிசகியது. காற்றிலுள்ள அம்மோனியாவே பயிருக்குப் போதும் என்று நம்பினார். காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருவது பயறுவகைச் செடியின் வேர்முடிச்சிலுள்ள நுண்ணுயிர்தான் என்று ஹெர்மன் ஹெல்ரீகல் 1886இல் காட்டிய பிறகே அந்தக் குழப்பம் தெளிந்தது.

இதற்கிடையில் பெர்லின் நகரம் லீபிக்கின் எண்ணத்தைத் தன் போக்கில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1873இல் பாதாளச் சாக்கடைப் பணியைத் தொடங்கிய பொறியாளர் யேம்ஸ் ஹோப்ரெக்ட், நகரை 12 பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றின் கழிவுநீரையும் ஊருக்கு வெளியே மணற்பாங்கான வயல்களுக்கு இறைத்தார். முதலில் ஓஸ்டோர்ஃப், பிறகு குரோஸ்பேரன் எனப் பண்ணைகள் விரிந்தன. முட்டைக்கோசும் கிழங்குகளும் அங்கே செழித்து, பெர்லின் சந்தைக்கே திரும்பின. மதுரை அவனியாபுரத்தின் கழிவுநீர்ப் புல்பண்ணையை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது.

அந்தப் பண்ணைகளை இன்று சிலர் இயற்கை வேளாண்மையின் முன்னோடியாகப் புகழ்கிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. வயலின் முதல் வேலை நகரத்துக் கழிவை விழுங்குவது, காய்கறி அடுத்ததுதான். பயிர் கேட்டதைவிடப் பலமடங்கு நீர் பாய்ந்தது. தொழிற்சாலைக் கழிவு கலந்த பிறகு காட்மியம் போன்ற உலோகங்கள் மண்ணில் படிந்தன. 1980களில் பெரும்பாலான பண்ணைகள் மூடப்பட்டபோது, சில நிலங்களில் உணவுப் பயிர் செய்யவே முடியாத நிலை.

அதற்கு வெகு முன்பே கழிவின் தேவையை வேதியியல் குறைத்திருந்தது. ஃபிரிட்ஸ் ஹாபர் ஆய்வகத்தில் கண்ட அம்மோனியா உற்பத்தி முறையைக் கார்ல் போஷ் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்தார். 1913இல் அதற்கான ஒப்பாவ் ஆலை இயங்கத் தொடங்கியது. காலப்போக்கில் உரம் மலிந்தது. பசுமை குறைந்த கீரையும் சலாடும் விலைபோகாது என்பதால், காய்கறி விவசாயி சந்தேகம் வந்தபோதெல்லாம் ஒரு கை கூடுதலாகவே போட்டார். அவர்மேல் குற்றம் சொல்வது எளிது, ஆனால் மண்ணில் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல ஆள் இருந்ததில்லை.

அந்த இடைவெளியை நிரப்பியதுதான் இந்த வரலாற்றின் நடுப்புள்ளி என்பது என் கருத்து. 1970களில் ஹானோவர் பல்கலைக்கழகத்தில் வேர்மன், ஷார்ப் என்ற ஆய்வாளர்கள் 'என்மின்' என்ற முறையை வகுத்தார்கள். உரமிடுவதற்குச் சற்று முன் துளைக்கருவியால் மண் எடுத்து, வழியில் நுண்ணுயிர்கள் வேலைசெய்து கணக்கைக் கெடுக்காதபடி குளிரவைத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, அதிலுள்ள நைட்ரேட்டை அளப்பார்கள். பயிருக்கு வேண்டிய இலக்கு அளவிலிருந்து இந்த இருப்பைக் கழித்தால் மிஞ்சுவதே இடவேண்டிய உரம். பூக்கோசின் தேவை ஹெக்டேருக்குச் சுமார் 300 கிலோ நைட்ரஜன்; மண்ணில் 90 கிலோ இருந்தால் 210 போதும். எளிய கழித்தல்தான், ஆனால் அதுவரை கழிக்க ஓர் எண் கையில் இல்லை.

கோதுமைக்கு எளிதில் பொருந்திய கணக்கு காய்கறிக்குப் பொருந்தவில்லை. கோதுமை முற்றிக் காயும்வரை நிற்பதால் மண்ணைத் துடைத்துவிடுகிறது. சலாடையோ வேகமாகச் சத்து உறிஞ்சும் பருவத்திலேயே அறுக்கிறோம். அறுவடை நாளிலும் மண்ணில் ஓரளவு இருப்பு வேண்டும். வேராழமும் மாறுகிறது: சலாடுக்கு 30 செ.மீ., பூக்கோசுக்கு 60, நீண்டகால முட்டைக்கோசுக்கு 90 செ.மீ. வரை மண் எடுக்கவேண்டும். 1980களில் பிஃபால்ஸ் காய்கறிப் பகுதியில் லோரன்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர், பயிரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி இலக்கு வைத்து, நடுவிலும் மண்ணைச் சோதித்து மேலுரத்தைத் தீர்மானிக்கும் முறையை அமைத்தார்கள். 1992இல் குரோஸ்பேரனில் நிறுவப்பட்ட காய்கறி, அலங்காரப் பயிர் ஆய்வு நிறுவனம் இக்கணக்கை 'என்-எக்ஸ்பெர்ட்' என்ற கணினி நிரலாக்கியது.

கணக்குக்கு அடங்காத ஒன்று, அறுவடைக்குப்பின் வயலில் கிடக்கும் இலை. பூக்கோசுப் பூவை மட்டும் கொண்டுபோனால் ஹெக்டேருக்கு 100 கிலோவுக்கு மேல் நைட்ரஜன் தழையில் தங்கிவிடும். இலையுதிர்காலத்தில் உழுதால் அது விரைவில் மக்கி, குளிர்கால மழையில் நைட்ரேட்டாகி நிலத்தடிக்கு இறங்கும். ஜெர்மனியின் விளைநிலத்தில் காய்கறி ஏறக்குறைய 1 விழுக்காடுதான். ஆனாலும் நீர்ப்பிரச்சினையில் அதன் பெயர் அடிபடுவது இதனால்தான். நீலகிரிச் சரிவுகளில் கோசு பயிரிடுவோரும் கவனிக்கவேண்டிய இடம் இது.

1991இன் ஐரோப்பிய நைட்ரேட் ஆணை, நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட் என்ற வரம்பை முன்வைத்தது. அதைச் சரிவர நிறைவேற்றவில்லை என்று 2018 ஜூன் 21இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஜெர்மனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2020இன் திருத்தப்பட்ட உரவிதிப்படி, மாசுபட்ட பகுதிகளில் கணக்கிட்ட தேவையைவிட 20 விழுக்காடு குறைத்தே இடவேண்டும். விவசாயிகள் டிராக்டர்களோடு பெர்லினுக்கு வந்து எதிர்த்தார்கள்.

இதற்கிடையில் நகரத்துக் கழிவும் வேறு வடிவில் வயலை மீண்டும் நாடுகிறது. குரோஸ்பேரன் நிறுவன ஆய்வாளர்கள் எபர்ஸ்வால்டே நகரில், நீரில்லாக் கழிப்பறைகளில் தனியே சேரும் கழிவை உரமாக்கும் திட்டத்தில் ஈடுபட்டார்கள். நுண்ணுயிரால் பக்குவப்படுத்திய சிறுநீர் உரத்தை முட்டைக்கோசுக்கு இட்டுப் பார்த்த ஆய்வு 2023இல் வெளியானது. சந்தையிலுள்ள கரிம உரத்துக்கு விளைச்சல் ஈடுகொடுத்தது. கழிவு உரங்களில் மருந்துகள் உட்பட 310 வேதிப்பொருள்களைத் தேடியதில் 6.5 விழுக்காடே தென்பட்டன, அவையும் மிகக் குறைந்த அளவில். வலிப்புநோய்க்கான ஒரு கார்பமசெபின் மாத்திரைக்கு ஈடாக உடலில் சேர வேண்டுமானால், ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோசுகளைத் தின்னவேண்டும். ஹோப்ரெக்டின் வயல்களில் அளவும் இல்லை, பிரிப்பும் இல்லை. இங்கே ஒவ்வொரு தொகுதியும் சோதிக்கப்படுகிறது. இத்தகைய உரத்துக்கு 2020இல் தரநெறி ஒன்றும் வகுக்கப்பட்டுவிட்டது. ஆனால் மனிதக் கழிவிலிருந்து செய்த உரத்தை வழக்கமான உரமாக விற்க ஜெர்மனியின் உரச்சட்டத்தில் இன்னும் இடம் இல்லை.