நீலி அழுதது பொய்யா?

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாணவியிடம், "இந்த நீலிக்கண்ணீர் எல்லாம் என்னிடம் வேண்டாம்" என்று சொன்னேன். வருகைப் பதிவு குறைந்துபோனதால் தேர்வு எழுத முடியாத நிலையில் இருந்தாள். மேசைக்கு எதிரே நின்று அழுதாள். நான் அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவள், பெண்ணெழுத்தைப் பற்றி மேடைகளில் பேசுகிறவள். அப்படியிருந்தும் அந்தச் சொல் என் வாயில் தயாராக இருந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "நீலி அழுதது பொய்யா மேடம்? நீங்கதானே கிளாஸ்ல அவளைக் கொன்னாங்கன்னு சொன்னீங்க?"

நீலியின் ஊரான பழையனூர் எங்களுக்குத் தூரமில்லை. தண்டலத்தில் பெங்களூர் நெடுஞ்சாலையை விட்டு விலகித் திருவள்ளூர் வழியாகப் போனால், திருவாலங்காட்டை ஒட்டி இருக்கிறது. கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. பரவலாகச் சொல்லப்படுவது இது. காஞ்சிபுரத்துக்காரன் ஒருவன், வீட்டில் மனைவி இருக்க, காசிக்குப் போன இடத்தில் இன்னொருத்தியை மணந்துகொள்கிறான். ஊருக்கு அழைத்து வரும் வழியில் ஆலங்காட்டில் அவளைக் கொன்றுவிடுகிறான். கூடவந்த அண்ணன் தூக்கில் தொங்குகிறான். மறுபிறவியில் கொன்றவன் வணிகனாகப் பிறக்கிறான். செத்தவள் பேயாக அலைகிறாள். அவன் கையில் ஒரு மந்திரக் கத்தி இருப்பதால் அவளால் நெருங்க முடியவில்லை. கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "என் புருஷன் என்னைக் கைவிட்டுவிட்டான்" என்று பழையனூர் வேளாளர் சபையில் முறையிடுகிறாள். எழுபது பேர் விசாரிக்கிறார்கள். குழந்தை அவனை "அப்பா" என்கிறது. "அவளோடு தங்கு, உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு" என்று கத்தியை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். விடியும்போது அவன் பிணமாகக் கிடக்கிறான். கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

வஞ்சத்தால் உயிர் கொண்ட ஒருத்தியின் கதையை 7ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் பழையனூரோடு சேர்த்துக் குறிப்பிடுகிறார். 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் எழுதிய சேக்கிழார் புராணத்தில் கதை வேளாளர் பெருமையாகிவிடுகிறது. சேக்கிழார் எங்கள் பக்கத்துக் குன்றத்தூர்க்காரர். இன்றும் பழையனூரில் தீப்பாய்ந்தவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. வாக்குத் தவறாதவர்களுக்கு மண்டபம் கிடைத்தது, நீலிக்குக் கிடைத்தது ஒரு மரபுத்தொடர்.

அந்தத் தொடர் கதையைப் பாதியிலிருந்துதான் தொடங்குகிறது. சபையில் அவள் நிற்கும் இடத்திலிருந்து எடுத்துக்கொண்டால் அழுகை நடிப்புதான். ஆலங்காட்டில் அவள் செத்துக்கிடந்த இடத்திலிருந்து எடுத்துக்கொண்டால், குழந்தை மட்டும்தான் பொய். முறையீடு உண்மை. நடந்ததை நடந்தபடி சொன்னால் எந்தச் சபை கேட்டிருக்கும்? போன பிறவிக் கொலைக்குச் சாட்சி யார்? சபைக்குப் புரிகிற ஒரே வழக்கு புருஷன், பெண்டாட்டி, இடுப்புக் குழந்தை. அதனால் அவள் மனைவி வேடம் போட்டுக்கொண்டு வந்தாள்.

தெற்கே நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் இதே நீலி கள்ளியங்காட்டில் இருக்கிறாள். அங்கே நகைக்காகக் கொல்லப்பட்டவள். கள்ளிச்செடிதான் சாட்சி. மலையாளத்துக்குப் போனதும் வழிப்போக்கர்களின் ரத்தம் குடிக்கும் யட்சியாகிறாள். 2025 ஆகஸ்டில் வந்த ‘லோகா’ படத்தில் அவள் வவ்வால் குகையிலிருந்து சக்தி பெற்று, நூற்றாண்டுகள் தாண்டி வாழ்ந்து, பெங்களூரில் வாடகை வீட்டில் தங்கியிருக்கும் சூப்பர் ஹீரோ. பெண்களை வெறுக்கும் போலீஸ் இன்ஸ்பெக்டரைத் துவைத்து எடுக்கிறாள். விடுதிப் பெண்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள், நானும் விசிலடித்தேன். வெளியே வந்து யோசித்தபோது ஒன்று உறுத்தியது. இந்த நீலியைக் கட்டியவன் யாரும் கொல்லவில்லை. வேட்டையாடியது ராஜாவின் ஆட்கள். அதிகாரத்துக்கு எதிரான கதையாக அது சரிதான். ஆனால் அவளுடைய பழைய வழக்கு வீட்டுக்குள் நடந்தது. படத்தில் பலம் கிடைத்த அளவுக்கு அந்த வழக்கு காணாமல் போயிருந்தது.

(ரத்தக் காட்டேரி என்றதும் நமக்கு டிராகுலா நினைவுக்கு வருவதும் பெரிய பழக்கமில்லை. ஸ்டோக்கரின் நாவல் 1897இல்தான் வந்தது. அதற்கு 27 ஆண்டுகள் முன்பே ரிச்சர்ட் பர்ட்டன் விக்கிரமாதித்தன் கதையின் நம் வேதாளத்துக்கு ‘வேம்பையர்’ என்று பெயர் வைத்து இங்கிலாந்தில் விற்றுவிட்டார்.)

நீலியை முதலில் புதிதாக எழுதியது சினிமா இல்லை. சுமார் பத்தாம் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒரு சமணப் புலவர் எழுதினார். ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசி அது. காளிக்கு உயிர்ப்பலி கொடுப்பதை ஒரு முனிவர் தடுக்கிறார். அவரைப் பயமுறுத்தப் பழையனூர் நீலியை அனுப்புகிறார்கள். அவள் எத்தனை உருவெடுத்தும் முனிவர் அசையவில்லை. நீலி அவரிடமே பாடம் கேட்கிறாள். பிறகு ஊர் ஊராகப் போய் வாதிடுகிறாள். பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வேதவாதி, பூதவாதி, புத்தரே வந்தாலும் விடவில்லை. 1936இல் அ. சக்கரவர்த்தி இதைப் பழைய உரையோடு பதிப்பித்தார். நான் முனைவர் பட்ட நாட்களில் படித்தபோது என்னை நிறுத்தியது குண்டலகேசி வாதம். கொல்ல வந்த கணவனை மலையிலிருந்து தள்ளிவிட்டவள் குண்டலகேசி. கணவனால் கொல்லப்பட்டவள் நீலி. இருவரும் ஒரு சபையில் எதிரெதிரே நின்று பேசுகிறார்கள். என்ன பேசுகிறார்கள்? தத்துவம்! நீலகேசி எல்லாரையும் வென்றாள், தன் வழக்கை மட்டும் பேசவில்லை. பேய்க்கு அறிவு கொடுத்த புலவர் கோபத்தை வாங்கிக்கொண்டுவிட்டார்.

இது ஏதோ பழங்கதை ஆராய்ச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் மாணவி தங்கியிருந்தது தண்டலத்தில், கம்பெனிப் பெண்களுக்கான விடுதி ஒன்றில். மூன்றாம் மாடிக் குளியலறையில் நடுராத்திரி கொலுசுச் சத்தம் கேட்கிறது என்று அங்கே ஒரு பேச்சு. வார்டன் சிரித்திருக்கிறார். இரண்டு பெண்கள் ஊருக்கே போய்விட்டார்கள்.

இந்தக் கொலுசை நான் வேறு இடத்தில் கேட்டிருக்கிறேன். 1970களில் மலேசியாவின் மின்னணு ஆலைகளில் கிராமத்து மலாய்ப் பெண்கள் நாள் முழுதும் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து வேலை செய்தார்கள். 1978இல் சுங்கை வே என்ற இடத்தில் ஓர் அமெரிக்க ஆலையில் சுமார் 120 பேருக்குப் பேய் பிடித்தது. ஆலையை மூன்று நாள் மூடினார்கள். மந்திரவாதியை வரவழைத்து உள்ளேயே ஆடு வெட்டினார்கள். மேலாளர்களும் மருத்துவர்களும் ‘ஹிஸ்டீரியா’ என்றார்கள். மானுடவியலாளர் ஐவா ஓங் 1987இல் எழுதிய நூலில் வேறு விளக்கம் தந்தார்: சங்கம் இல்லை, எதிர்த்துப் பேசினால் வேலை இல்லை, அப்போது உடம்பு பேசுகிறது. மூலதனம் காட்டேரிபோல உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழ்கிறது என்று மார்க்ஸ் எழுதினார். அந்தப் பெண்கள் மார்க்ஸ் படிக்கவில்லை, கண்ணாடிக்குள் பேயைப் பார்த்தார்கள்.

நம் சாலையில் 2021 டிசம்பரில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கிய விடுதியில் சாப்பாடு விஷமாகி 150 பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். போனவர்களில் சிலர் என்ன ஆனார்கள் என்று தெரியவில்லை. செத்துவிட்டார்கள் என்று பேச்சு பரவியது. 17ஆம் தேதி இரவு பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள், விடிந்தும் எழவில்லை. யாரும் சாகவில்லை, வதந்திதான். ஆனாலும் குழந்தை பொய், முறையீடு உண்மை என்ற கணக்கு இங்கேயும் பொருந்துகிறது. ஆலை மூடப்பட்டது. விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தரமற்றவை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்ட பிறகு, ஜனவரியில்தான் திறந்தது. இந்த முறை யாருக்கும் பேய் பிடிக்கவில்லை, யாரும் மனைவி வேடம் போடவில்லை.

அன்று என் மாணவியிடம் பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அவள் கொண்டுவந்த விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். ‘காரணம்’ என்ற இடத்தில் ‘உடல்நலக் குறைவு’ என்று எழுதியிருந்தாள். மருத்துவச் சான்றிதழ் வைத்தால் கல்லூரி ஏற்றுக்கொள்ளும், அதற்கு ஐந்நூறு ரூபாய் என்று தோழிகள் சொல்லியிருந்தார்களாம்.

"உண்மையில என்னம்மா?" என்றேன்.

"நைட் ஷிஃப்ட் மேடம். பத்துலேர்ந்து ஆறு. அப்பாவுக்குத் தெரியாது."

"அதையே எழுது."

அவள் என்னை நம்பாமல் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் பேனாவை வாங்கி, முதலில் எழுதியதை ஒரே கோடாக அடித்துவிட்டு, மேலே எழுதினாள். நான் கீழே கையெழுத்துப் போட்டேன். அதைத் துறைத்தலைவர் அறைக்கு நாங்கள் இருவருமாகவே எடுத்துக்கொண்டு போனோம்.