கிடெப்போ: பூங்காவுக்கு முன் அங்கே இருந்தவர்கள்

உகாண்டாவின் வடகிழக்கு மூலையில், கரமோஜா பகுதியில், தெற்கு சூடான் எல்லையை ஒட்டி இருக்கிறது கிடெப்போ பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா. பரப்பு 1,442 சதுர கிலோமீட்டர். தலைநகர் கம்பாலாவிலிருந்து வெகுதொலைவு என்பதால் பயணிகள் குறைவு. சிங்கம், யானை, வரிக்குதிரை, சிவிங்கிப்புலி, நெருப்புக்கோழி, பெருங்கூட்டமாய் மேயும் காட்டெருமைகள் எல்லாம் அங்கே உண்டு. இத்தகைய இடங்களை 'மனிதர் கால் படாத காடு' என்று சொல்லித்தான் விற்கிறார்கள். தோழர்களே, நாம் கேள்வி கேட்க வேண்டியது அந்தச் சொல்லைத்தான்.

1958இல் பிரிட்டிஷ் காலனிய அரசு இந்தப் பள்ளத்தாக்கை வனவிலங்குக் காப்பகமாக அறிவித்தது. அங்கே வாழ்ந்த மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். வேட்டையாடியும் தேன் எடுத்தும் பயிரிட்டும் வாழ்ந்த 'ஈக்' மக்கள் தங்கள் பள்ளத்தாக்கை இழந்து மலைச்சரிவில் ஒடுங்கினார்கள். 1962இல் உகாண்டா விடுதலை பெற்றது. அதே ஆண்டில் காப்பகம் தேசியப் பூங்கா ஆனது. ஆட்சி கைமாறியது, நிலம் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.

1960களின் நடுவில் மழை பொய்த்தது, பஞ்சம் வந்தது. அப்போது அங்கே தங்கியிருந்த மானுடவியலாளர் காலின் டர்ன்புல், 1972இல் 'தி மவுண்டன் பீப்பிள்' நூலை வெளியிட்டார். ஈக் மக்கள் அன்பற்றவர்கள், பெற்ற பிள்ளைக்கும் சோறு தராதவர்கள் என்று உலகம் அதில் படித்தது. நிலம் பறிபோனதை அவரே பதிவு செய்திருக்கிறார். ஆனாலும் இந்தச் சமூகத்தைச் சிறு குழுக்களாகப் பிரித்துச் சிதறடித்துவிடலாம் என்று அரசுக்கு யோசனை சொன்னார். 1975இல் பீட்டர் புரூக் அந்நூலை நாடகமாக்கினார்.

ஈக் மொழியை ஆராய்ந்த பெர்ன்ட் ஹைனே, 1985இல் டர்ன்புல்லின் பல கூற்றுகளை மறுத்தார். 2020இல் வெளியான ஓர் ஆய்வும், கொடுத்து உதவுவதில் ஈக் மக்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர் என்று காட்டியது. பசி காலத்தில் பார்த்த நடத்தையை ஓர் இனத்தின் பிறவிக்குணமாக எழுதியதே நடந்த அநீதி.

இன்று ஈக் மக்கள் பூங்காவின் விளிம்பிலுள்ள மொருங்கோலே மலையில் வாழ்கிறார்கள். விலங்குகளைப் பார்க்க வரும் பயணிகளில் சிலர், மலையேறி அவர்களையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

வறுமைக்கு மக்களின் குணத்தைக் காரணம் காட்டும் எழுத்து நமக்குப் புதிதல்ல. வகுப்பறையில் அத்தகைய நூல் கையில் கிடைத்தால், முதலில் இரண்டு கேள்விகளைக் கேட்போம்: இவர்களுடைய நிலம் எந்த ஆண்டில் போனது? யார் எடுத்தார்கள்? பண்பாட்டைப் பற்றிப் பிறகு பேசலாம்.