குசினி வாசல்

1979ஆம் வருசம் டிசம்பர் 20ஆம் தேதியிலிருந்து ஜனவரி 1 வரை சென்னையின் பழைய பெரிய ஓட்டல் ஒன்றில் தங்கியிருந்தேன். தங்கியிருந்தேன் என்றால், ராத்திரி ஒரு மணிக்கு மேல் வீட்டுக்குப் போக பஸ் கிடையாது என்பதால் சலவை அறையில் அழுக்குத் துணி மூட்டைகள்மேல் படுத்துக்கொண்டேன் என்று அர்த்தம். எனக்கு அப்போது பதினேழு வயசு. அப்பா அங்கே பேரர். கிறிஸ்துமஸ் சீசனுக்குக் கூடுதல் ஆள் எடுப்பார்கள். 'பையனக் கூட்டியா' என்று ஸ்டூவர்டு சொல்லியிருக்கிறார். தட்டுக் கழுவும் வேலை. ஓட்டலின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் ஏதோ ஒரு ஓட்டலின் குறையாக இது சுருங்கிப்போகும்.

முன்வாசலில் மின்விளக்கு ஜோடித்த மரம், பேண்டு வாத்தியம். எங்களுக்கு அது தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது பின்பக்கச் சந்தும் குசினி வாசலும்தான். உலர்திராட்சையும் ஆரஞ்சுத் தோலும் ரம்மில் ஊறிய ஜாடிகள் வரிசையாக நிற்கும். மதுவிலக்கு இருந்த காலம். பெர்மிட் வைத்திருப்பவருக்குத்தான் குடி. அதனால் குசினி ரம்முக்கு ஒரு நோட்டு, ஒரு பூட்டு, ஒரு சாவி. பின்கட்டில் கூண்டு கூண்டாக வான்கோழி. கொல்வதும் இறகு பிடுங்குவதும் குடல் எடுப்பதும் நாங்கள். பெரிய சமையல்காரருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மெனு அட்டையிலிருந்த பிரெஞ்சுப் பெயர் அத்தனையும் அவர் வாயில் தமிழாக உருண்டு வரும்.

அந்தக் குசினியில் இருந்த எல்லாருமே புளியந்தோப்பு, பெரம்பூர், செங்கல்பட்டுப் பக்கத்துச் சேரி ஆட்கள். இது தற்செயல் என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகு படிக்கத் தொடங்கியதும்தான் தெரிந்தது, இதற்கு இருநூறு வருசத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது என்று. பிரெஞ்சுப் பாதிரியார் துய்புவாவின் புத்தகம் 1816இல் ஆங்கிலத்தில் அச்சானது. ஐரோப்பியர் பறையர்களைத்தான் வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, மாட்டுக்கறி சமைக்கவும் பூட்சு துடைக்கவும் மற்ற சாதியார் வரமாட்டார்கள் என்கிறார் அவர். நம்மை இழிவாகத்தான் எழுதுகிறார். ஆனால் அந்த இழிவான வரிகளுக்குள் அவரே அறியாமல் ஓர் ஆவணத்தை விட்டுப்போயிருக்கிறார். துரைமாரின் மேசைக்கு வந்த சோற்றில் நம் கை இருந்தது என்பதற்கான ஆவணம் அது.

சாட்சி மொழியிலும் இருக்கிறது. குசினி, ஆயா இரண்டும் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தவை. பட்லர் ஆங்கிலம். எதிர்த்திசையிலும் ஒன்று போனது. நம் மிளகுத்தண்ணி 'மல்லிகட்டானி' என்று மாறி வெள்ளைக்காரன் மேசையில் சூப்பாக ஏறியது. உலகம் முழுக்க அந்த சூப்பின் பெயர் தெரியும். அதை முதலில் கிண்டிய ஆளின் பெயர் எதிலும் இல்லை. மெட்ராஸ் வேலைக்காரர் பேசிய ஆங்கிலத்துக்கு 'பட்லர் இங்கிலீஷ்' என்று ஒரு கேலிப் பெயர். 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் அது ஏறிவிட்டது. அந்தக் கேலி அகராதியோடு நிற்கவில்லை. கல்லூரி விடுதியில் சாதி இந்துப் பையன்கள் என்னை 'பட்லர் மகன்' என்றுதான் கூப்பிட்டார்கள். நான் தலைகுனிந்தேன். ஏன் குனிந்தேன் என்று இன்றைக்கு என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

ஓட்டல்களின் வரலாற்றைத் தேடி எழும்பூர் கன்னிமரா நூலகத்துக்குப் போனேன். 1886 முதல் 1890 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த கன்னிமரா பிரபுவின் பெயர் அது. 1896இல் திறந்தது. அதே பிரபுவின் பெயரில் மவுண்ட் ரோடு பக்கம் ஓர் ஓட்டலும் இருக்கிறது. (எங்கப்பா வேலை பார்த்தது அதில் அல்ல.) 1854இல் இம்பீரியல் என்று தொடங்கி, பிறகு ஆல்பனி ஆகி, 1890இல் கன்னிமரா ஆனது. 1891இல் ஸ்பென்சர் கம்பெனியின் ஓக்‌ஷாட் வாங்கினார். 1937இல் புதுக் கட்டடம் வந்தது. இத்தனையும் வரிசையாகக் கிடைக்கிறது. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ் 1910இல் மெட்ராசில் விமானம் ஓட்டிக் காட்டியதும் கிடைக்கிறது. முதலாளி, கவர்னர், கட்டடக் கலைஞர் எல்லாருக்கும் பெயர் இருக்கிறது. அடுப்படியில் நின்றவனுக்கு மட்டும் பெயர் இல்லை.

குசினியில் நின்றவர்களுக்கு வேறு என்ன தெரிந்திருக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. அயோத்திதாசப் பண்டிதரைப் படியுங்கள். அவருடைய தாத்தா கந்தப்பன் ஆரிங்டன் துரையிடம் பட்லர். தம்மிடமிருந்த திருக்குறள் ஏட்டுச் சுவடியை அந்தத் துரையிடம் கொடுத்ததாகவும், துரை வழியாக அது எல்லிஸ் கைக்குப் போனதாகவும் பண்டிதர் எழுதியிருக்கிறார். குறள் அச்சேறியது 1812இல். துரைக்கு டீ கொண்டுபோன கையில் ஏடும் இருந்திருக்கிறது. இதை நம் பிள்ளைகளுக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தரவில்லை.

இனி அப்பா கதை. 1979 கிறிஸ்துமஸ் ராத்திரி விருந்தின் கடைசியில் விளக்கை அணைத்தார்கள். புட்டிங்குமேல் பிராந்தியைச் சூடாக்கி ஊற்றிக் கொளுத்தி, நீல நெருப்போடு ஒரு பேரர் தூக்கிக்கொண்டு போக, உள்ளே கைதட்டல். எல்லாரிலும் சீனியர் எங்கப்பாதான். ஆனால் தூக்கியது அவர் இல்லை. விடிகாலை சலவை அறையில் கேட்டேன், 'ஏம்ப்பா நீ தூக்கல?'

அப்பா பீடியைப் பற்றவைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். 'அறுபத்தெட்டுலயும் நான்தான்டா தூக்கினேன். வெளக்க அணைச்சாங்க, கைதட்டினாங்க. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு பேப்பர்ல பாத்தோம். அதே ராத்திரி. கீழத்தஞ்சையில குடிசைக்குள்ள வச்சுக் கொளுத்திட்டானுங்க. புள்ளைங்கடா, பொம்பளைங்க. அடுத்த வருசம் தட்டைத் தூக்கமாட்டேன்னு சொல்லிட்டேன். ஏன்னு கேட்டான் ஸ்டூவர்டு. சொல்லல. சீசன் முழுக்கப் பாத்திரம் கழுவப் போட்டுட்டான்.'

சீசனில் டிப்ஸ்தான் பேரருக்கு வருமானம். அந்த வருசம் எங்களுக்குப் புதுத்துணி இல்லாமல் போனது இதனால்தான் என்று பத்து வருசம் கழித்துத் தெரிந்துகொண்டேன்.

கீழவெண்மணி. 1968 டிசம்பர் 25. நெல் கூலி கூடக் கேட்டதற்காக, செங்கொடியை இறக்க மறுத்ததற்காக, ஒரே குடிசையில் 44 உயிர்கள். 1973இல் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீவைத்திருப்பார்கள் என்று நம்பமுடியவில்லையாம். அப்பா இதைக் கேட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: 'கார்ல வர்றவன் என்னல்லாம் செய்வான்னு கார் கதவு தொறந்துவிடுறவனக் கேட்டிருக்கணும்.'

எங்கள் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம். ஆனாலும் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் 26ஆம் தேதிதான். அப்பா அன்றைக்குத்தான் வருவார், வெட்டி ஒதுக்கிய கேக்கின் கருகிய ஓரங்களைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டு. அம்மா அதைச் சமமாகப் பங்கு போடுவாள். பண்டிகையைச் சமைத்தவர்களுக்குப் பண்டிகையின் ஓரம்தான் கிடைத்தது.

அப்பா செத்துப் பல வருசம் கழித்து அதே ஓட்டலுக்கு ஒரு கூட்டத்துக்காகப் போனேன், முதல் தடவையாக முன்வாசல் வழியாக. நடைபாதைச் சுவரில் பழைய படங்கள். ஒன்று கிறிஸ்துமஸ் விருந்து. உட்கார்ந்திருப்பவர்களின் பெயர் இடமிருந்து வலமாகக் கீழே அச்சாகியிருக்கிறது. பின்னால் தட்டோடு நிற்கிறவர் எங்கப்பா. அவருக்குப் பெயர் இல்லை. மேலாளரிடம் கேட்டேன், பெயரைச் சேர்க்க முடியுமா என்று. 'பாக்கலாம் சார்' என்றார். சேர்க்கவில்லை.

டிசம்பர் 25க்கு இன்னொரு நெருப்பும் உண்டு. 1927இல் அதே தேதியில் மகாத்தில் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. அந்த ஒரு நெருப்புதான் நாம் மூட்டியது. மற்றதெல்லாம் அடுத்தவன் மேசைக்கு நாம் தூக்கிப்போனது, அல்லது நம்மேல் வைக்கப்பட்டது.

இதைப் படிக்கிற தோழர்களே, உங்கள் தாத்தாவோ அப்பாவோ அம்மாவோ ஏதாவது ஒரு ஓட்டலில், பங்களாவில், கிளப்பில் குசினியில் நின்றிருந்தால் அதை எழுதுங்கள். மறைக்காதீர்கள். முதலில் பெயரை எழுதுங்கள், எந்த வருசம், என்ன சமைத்தார், எந்த வாசல் வழியாகப் போனார் என்று எழுதுங்கள். ஓட்டல் சுவரில் அவர்கள் எழுதப்போவதில்லை. நாம்தான் எழுதவேண்டும்.